பட்டறைக் குறிப்புகள்: ஒரு பால்சா இறக்கை

ஆகஸ்ட் 2, சனி

மாதிரி விமானம் ஒன்றுக்கு இறக்கை, பால்சா என்ற மிக லேசான மரத்தில். 1200 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம். வெட்டுமுகம் (இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வடிவம்) கிளார்க் ஒய். வெர்ஜினியஸ் கிளார்க் 1922-ல் வரைந்தது. அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டை, பலகையில் படுக்கவைத்தே கட்டிவிடலாம்.

இன்று மரம் பிரிக்கிற வேலைதான். ஒரே கட்டில் வந்த 1.5 மி.மீ. ஷீட்டுகளைச் சமையலறைத் தராசில் போட்டால் ஒன்று 15 கிராம், இன்னொன்று 27. பால்சா அப்படித்தான். லேசானது ரிப்புக்கும் (இறக்கைக்கு வடிவம் தருகிற குறுக்குத் துண்டு) நுனிக்கும், கனமானது நடுப்பகுதி வெப்புக்கும் (மேல், கீழ் நீளக் கட்டைகளுக்கு நடுவே நிற்கிற தகடு).

எடைக்கு அடுத்து ரேகை. மேலே புள்ளி புள்ளியாக மினுங்குகிற ஷீட்டை அகலவாக்கில் வளைத்தால் பட்டென்று உடையும். ரிப்புக்கு அந்த விறைப்புதான் வேண்டும். நீளக் கோடுகள் மட்டும் ஓடுகிற ஷீட் சொன்னபடி சுருளும். அது முன்விளிம்பைப் போர்த்த.

ஆகஸ்ட் 3

இரண்டு பிளைவுட் அச்சுக்கு நடுவே ரிப் துண்டுகளை அடுக்கி, போல்ட் போட்டு, மொத்தமாகத் தேய்த்தாயிற்று. 21 ரிப்பும் சேர்ந்தே 10 கிராம் சொச்சம். இதில் ஓட்டை போட்டு என்ன மிச்சம் பிடிப்பது? பார்க்க அழகு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9

மேலும் கீழும் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஸ்பார், அதாவது இறக்கை நீளத்துக்கு ஓடுகிற கட்டை, 6×3 மி.மீ. பறக்கும்போது மேலுள்ளது அமுங்கும், கீழுள்ளது இழுபடும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடாமல் தாங்குவது நடுவிலுள்ள வெப். அதனால் வெப்பின் ரேகை செங்குத்தாக நிற்கவேண்டும். படுக்கவைத்தால் ரேகையோடு பிளந்துகொள்ளும். நுனிப்பக்கம் வளைவு விசை குறைவு, அங்கே 1 மி.மீ. வெப் போதும்.

ஆகஸ்ட் 10

ஸ்பார் ஒட்டிய இறக்கை வளையவில்லை. ஆனால் இரு நுனியையும் பிடித்து முறுக்கினால் ஈரத் துண்டு மாதிரி திரும்புகிறது. பலர் ஸ்பாரை மேலும் தடியாக்குவது இந்த இடத்தில்தான். எடை ஏறும், முறுக்கு அப்படியே இருக்கும். முறுக்கை நிறுத்துவது மூடிய குழாய். ஷீட்டின் வெளிப்பக்கத்தை ஸ்பாஞ்சால் ஈரமாக்கி, முன்விளிம்பிலிருந்து ஸ்பார்வரை மேலும் கீழும் போர்த்தினேன்; ஷீட்டும் வெப்பும் சேர்ந்ததுதான் அந்தக் குழாய். மேல்ஷீட்டை ஒட்டுமுன் நுனிகளின் பின்விளிம்புக்கடியில் 5 மி.மீ. கட்டை; பின்விளிம்பு சற்றே தூக்கி, நுனி திரும்பி நிற்க. பசை காய்ந்தபின் அந்தத் திருப்பம் அப்படியே நிற்கும். வேகம் குறைந்தால் நுனிக்கு முன்பே நடுப்பகுதி ஸ்டால் ஆகும் (தூக்குவிசையை இழக்கும்), ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க நுனிப்பக்கம் இருக்கிற மடிப்பு) கைவிடாது.

காய்ந்ததும் முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ஆகஸ்ட் 16

இறக்கைக்கு மேலுறையாக டிஷ்யூ காகிதமும், அதை இறுக்குகிற டோப் என்ற வார்னிஷும் போடத்தான் ஆசை. சென்னைப் புழுக்கத்தில் டோப் வெளுத்துப்போகும். அதனால் இஸ்திரி போட்டு ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம்தான். அடிப்பக்கம் முடிந்தது, மேல்பக்கத்தைச் சூடாக்குமுன் திருப்பம் மாறாமலிருக்க அதே கட்டைகளைத் திரும்ப வைக்கவேண்டும்.