மூணு வாசல்ல ஒரே பெருமாள்

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஓவியம் எதுன்னு கேட்டா பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகைல மேல் நிலைல இருக்க அனந்தசயனம்னுதான் சொல்லுவேன், ஆதிசேஷன் மேல பெருமாள் படுத்திருக்க கோலம். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா 1750ல நாட்டையே பத்மநாப சாமிக்கு எழுதிக் குடுத்துட்டு தாசனா நின்னு ஆண்டவரு, அதான் மாளிகைல உச்சி நிலை ராஜாவுக்கு இல்ல, சாமிக்கு. ஆனா நம்மள அங்க ஏற விடமாட்டாங்க, கீழ மூலிகைக் கட்டிலப் பாத்துட்டு திரும்ப வேண்டியதுதான், நான் பாத்ததெல்லாம் போட்டோலதான்.

போட்டோலயே அந்தச் செவப்பு ஆள இழுத்துப் போட்டுரும். இந்த மாதிரி சுவர் ஓவியத்துக்கு காவிக்கல்லு அரைச்சு செவப்பும் மஞ்சளும், விளக்குக் கரில கருப்பு, நீலஅமரி சேத்துப் பச்சை, வெள்ளைக்கு மட்டும் சாயமே கிடையாது, சுவத்துச் சுண்ணாம்ப அப்படியே விட்டுருவாங்களாம். தீட்டாம விட்ட எடமும் ஓவியத்துல சேத்தி, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி.

இத மனசுல வச்சுக்கிட்டுதான் புரட்டாசில அத்தை கூட திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். மார்த்தாண்டத்துலேருந்து பக்கம்தான். 2022ல, 418 வருஷம் கழிச்சு கும்பாபிஷேகம் நடந்த பொறவு கூட்டம் கூடிப்போச்சு, சனிக்கிழமைன்னா சொல்லவே வேண்டாம். ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளம், சாளக்கிராமமும் கடுசர்க்கரைங்கற மூலிகைச் சாந்தும் சேத்துப் பண்ணின திருமேனி. ஒரு வாசல்ல முழுசா தெரியாது, மூணு வாசல். முகம் ஒண்ணுல, நாபி ஒண்ணுல, பாதம் ஒண்ணுல. உள்ள எண்ணெ விளக்கு வெளிச்சம் மட்டும், பின்னால வரிசை தள்ளுது, ஒரு வாசல்லேருந்து அடுத்ததுக்கு நகருறதுக்குள்ள முந்திப் பாத்தது நழுவிரும்.

எனக்கு நழுவல. நடுவுல தூணும் சுவரும் மறைச்ச எடத்தையெல்லாம் அந்த ஓவியம் நிரப்பிக்கிட்டே வந்துச்சு, தோள் எங்க முடியுது, ஆதிசேஷன் சுருள் எப்படி வளையுதுன்னு கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியுது. பெறகு பாத்தா பெருமாளே எனக்குத் தடை போடுறாரு! திருவனந்தபுரம் பத்மநாப சாமி முன்னால நின்னு பாத்தா தலை நம்ம இடது கைப் பக்கம், என் மனசுல இருந்த படமும் அப்படித்தான், இவரு மேற்கப் பாத்து தெக்க தலைவச்சுப் படுத்திருக்காரு, அதனால தலை வலது பக்கம். நாபில தாமரையும் இல்ல, பிரம்மாவும் இல்ல. அப்போ மனசுல இருக்க படத்தத் திருப்பிப் போட்டு, தாமரையத் தொடச்சு, திரும்ப வரைய வேண்டியதாயிட்டு. அதுக்காக ரெண்டாவது ரவுண்டு வரிசைல நின்னேன்.

அத்தைக்கு இதெல்லாம் சரிப்படாது. "மக்ளே, படம் படந்தான், சாமி சாமிதான், பாதத்தப் பாத்துக் கும்பிட்டுட்டு வா"ன்னாங்க. நானும் கும்பிட்டேன். ஆனா அவங்க சொன்னத இன்னும் ஒத்துக்கல, கருவறைச் சுவர்லயே ஓவியம் தீட்டி வச்சவங்க பின்ன எதுக்குத் தீட்டினாங்களாம்?