டிரைவர் உள்ளே போயாச்சு, போர்டு யாரிடம்?

பினாங்கு பாயான் லெப்பாஸில் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் சென்சார் ஒன்றை லினக்ஸில் இயங்க வைக்கும் மென்பொருளை, அதாவது டிரைவரை, எழுதி லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் சேர்க்க அனுப்பினேன். செக்பேட்ச் என்ற சோதனைக் கருவி காட்டிய குறைகள், வன்பொருளைச் சொல்லும் டிவைஸ் ட்ரீ விவரத்தை யாம்ல் வடிவத்தில் எழுது என்ற திருத்தம் என்று ஐந்தாவது தடவைதான் ஏற்றுக்கொண்டார்கள். மேனேஜர் மாமாக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, "முடிஞ்சிருச்சுல்ல தம்பி, அடுத்த வேலையப் பாருங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் எந்தப் பகுதியை யார் கவனிக்கிறார்கள் என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் என் பெயரை நானேதான் சேர்த்திருந்தேன், கம்பெனி இமெயிலோடு. அந்த டிரைவரை யார் தொட்டாலும் எனக்கு அஞ்சல் வரும்.

பயந்த அளவுக்கு வேலை இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். 2022 கடைசியில் வந்த 6.1 கர்னலில் ஐ2சி என்ற இணைப்பு வழியில் பேசும் சிப்புகளின் டிரைவர்களில், சாதனத்தைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் இனி எந்த மதிப்பையும் திருப்பித் தரக்கூடாது என்று மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான டிரைவர்கள், என்னுடையதும் அதில் ஒன்று, நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கர்னலுக்குள் ஒரு இடைமுகத்தை மாற்றுகிறவர்தான் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவரையும் திருத்தித் தர வேண்டும், அது அங்கே வழக்கம். அதே கம்பெனியின் இன்னொரு சிப்புக்கான டிரைவர் வெளியே கொடுக்கப்படாமல் எங்கள் சர்வரிலேயே கிடந்தது. அதற்கு அந்த மாற்றத்தை நானே உட்கார்ந்து செய்தேன்.

சிக்கல் வேறு இடத்தில். திருத்துகிறவரிடம் சிப் இருக்காது, கம்பைல் ஆகிறதா என்று மட்டும் பார்ப்பார். நிஜமாகவே ரீடிங் சரியாக வருகிறதா என்று சொல்ல அந்த சிப் பொருத்திய போர்டு வைத்திருக்கும் ஆள் வேண்டும்.

அப்புறம் நான் வேலை மாறினேன். பழைய இமெயில் செத்துப்போனது, யாரோ அனுப்பிய பேட்ச், அதாவது டிரைவருக்கான திருத்தம், திரும்பிப் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்ததே இரண்டு மாதம் கழித்துத்தான். பழைய டீமில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த டிரைவரா? யாருமே பாக்கலயே, போர்டுகூட டிராயர்ல கெடக்கு." மேனேஜரிடம் சொல்லிவிட்டு அதைக் கொடுத்தனுப்பினார்.

முகவரியை மாற்றி பேட்ச் அனுப்பினேன், பழைய முகவரியைப் புதியதோடு இணைக்கும் மெயில்மேப் கோப்பிலும் ஒரு வரி. கூடவே மெயின்டெய்னர்ஸ் கோப்பில் டிரைவரின் நிலை சப்போர்ட்டட் என்று இருந்ததை மெயின்டெய்ன்ட் ஆக்கினேன். முதலாவதற்கு அர்த்தம், இதைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது. இப்போது யாரும் கொடுக்கவில்லையே. அப்படியே விட்டிருந்தால் ஆர்ஃபன், அனாதை என்றே எழுதியிருப்பார்கள்.

போர்டு இப்போது வீட்டில், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோடு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. போன வாரம் ஒரு பேட்ச் வந்திருக்கிறது, சனிக்கிழமை போட்டுப் பார்க்க வேண்டும்.