பழைய ஆபீஸ் டவரில் கேம்: 75 வாட்டுக்குள் ஒரு கணக்கு

தீபாவளி முடிந்த மறுவாரம் அக்கா பையன் 15,000 ரூபாயை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். பெரியவர்கள் கையில் திணித்தது, அவன் சேர்த்து வைத்தது எல்லாம் சேர்ந்த காசு. "மாமா, இதுக்குள்ள ஒரு கேமிங் பிசி போட்டுக் கொடுங்க" என்றான். இதுக்குள்ள புதுசாகப் போட்டால் கேபினெட்டும் மதர்போர்டும் மட்டும்தான் வரும்டா என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் அவர்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு பெட்டி இருப்பது ஞாபகம் வந்தது. 2021-ல் ஆன்லைன் கிளாஸுக்காக மானிட்டரோடு சேர்த்து 11,000 ரூபாய்க்கு வாங்கிய, ஏதோ ஆபீஸிலிருந்து கழித்துக்கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. உயரமான மினி டவர் மாடல். உள்ளே ஐ5-4570, 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2013-ல் வந்த நாலாவது தலைமுறை பிராசசர். கிழம்தான், ஆனால் செத்துவிடவில்லை.

இந்த மாதிரி ஆபீஸ் டவரை கேமுக்கு மாற்ற நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கிராபிக்ஸ் கார்டு விலையைத்தான் தேடுவார்கள். நான் முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தேன். 290 வாட். அதைவிட முக்கியம், அதிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கென்று 6 பின், 8 பின் வயர் எதுவும் வரவில்லை. அப்படியென்றால் கார்டு தனக்கு வேண்டிய கரண்ட் மொத்தத்தையும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்தாக வேண்டும், ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அவ்வளவுதான், பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. மீதி ஆசையெல்லாம் அந்த 75-க்குள் அடங்கியாக வேண்டும்.

சும்மா இருப்பானா, காலேஜில் யாரோ ஒரு சீனியர் ஆர்எக்ஸ் 580 கார்டை 3,500-க்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நல்ல விலைதான். ஆனால் அது 185 வாட் தின்கிற கார்டு, 8 பின் வயர் இல்லாமல் கண்ணே திறக்காது. "சாட்டா வயரை 8 பின்னா மாத்துற கன்வெர்ட்டர் 150 ரூபாய்க்கு ஆன்லைன்ல இருக்கு மாமா" என்றான். இருக்கிறது, அதுதான் வினை. ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்ப், அதாவது 54 வாட். 8 பின் கேட்கிற கார்டு அந்த வயர் வழியாக 150 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகி, கருகிய வாசனை வந்த பிறகுதான் கணக்கு புரியும். சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாமே என்றால், இந்த டவரில் மதர்போர்டுக்குப் போகும் வயர் வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின். 24-ஐ 8 ஆக மாற்றும் கேபிள் தனியாகக் கிடைக்கும், போட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் நம்பகமான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபிளும் சேர்ந்தால் 3,000 தாண்டும், அதைப் போட்டு பெரிய கார்டை வைத்தாலும் பன்னிரண்டு வருஷத்துப் பிராசசர் அதற்கு ஈடுகொடுக்காது. மாட்டு வண்டிக்கு லாரி டயர் மாட்டுகிற வேலை.

ஆக 75 வாட்டுக்குள் என்ன கிடைக்கும் என்று உட்கார்ந்து பார்த்தோம். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. செகண்ட் ஹேண்டில் மலிவு. ஆனால் அந்தத் தலைமுறைக்கு புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பிசிஐஇ 4.0-ஐ (கார்டு உட்காரும் ஸ்லாட்டின் தலைமுறை) நம்பி நாலே லேன், அதாவது தகவல் போக நாலே பாதை வைத்துச் செய்த கார்டு. நம் பழைய போர்டில் இருப்பது 3.0, கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வேகம் பாதியாகக் குறையும், 4 ஜிபி நிரம்பினால் படம் தடுக்கும். 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட். உண்மையில் இந்தப் பெட்டிக்கு மிகப் பொருத்தமானது அதுதான், ஆனால் மொத்தப் பட்ஜெட்டையும் அதுவே விழுங்கிவிட்டு மேலேயும் கேட்கும். கடைசியில் மிஞ்சியது ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட், 4 ஜிபி, டிரைவர் இன்னும் வருகிறது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், சில கம்பெனிகள் வேகத்தைக் கூட்டி 6 பின் வைத்து விற்றன, அது நமக்கு ஆகாது. ஜிடிடிஆர்6 மெமரி வைத்தது கிடைத்தால் நல்லது, பழைய ஜிடிடிஆர்5-ஐவிடக் கொஞ்சம் வேகம்.

சனிக்கிழமை காலை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் கம்ப்யூட்டர் சாமான் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தோம். ஒரு கடையில் "1050 டிஐ, 4 ஜிபி, 2,500 தான் சார்" என்று கையில் கொடுத்தார்கள். இங்கேதான் நான் வழுக்கி விழப் பார்த்தேன். பையன் வீட்டு மானிட்டர் 20 இன்ச், அதில் விஜிஏ மட்டும்தான் உண்டு. இந்தக் கார்டிலோ பின்னால் நீல நிறத்தில் விஜிஏ போர்ட் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அட, கன்வெர்ட்டர் செலவும் மிச்சம், டிரைவர் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், 2,500 தானே என்று பர்ஸை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. 1050 டிஐ-யில் இருக்கும் பாஸ்கல் சிப்பிலிருந்து விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலே வெளியே வராது, பிறகு அதன் முதுகில் விஜிஏ எப்படி வரும்? "ஒரு நிமிஷம் மாட்டிக் காட்டுங்க, ஜிபியு-இசட் ஓட்டிப் பார்க்கணும்" என்றேன். கார்டுக்குள் உண்மையில் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் சாஃப்ட்வேர் அது. "மெஷின் ஃப்ரீயா இல்ல சார்" என்று கார்டு மறுபடி டப்பாவுக்குள் போய்விட்டது. பத்துப் பதினைந்து வருஷத்துப் பழைய சிப்பின் பயோஸில் புதுப் பெயரை எழுதி விற்பது ஊர் உலகம் முழுக்க நடக்கிற வேலை. விண்டோஸ் அந்தப் பெயரை நம்பிவிடும், ஜிபியு-இசட் நம்பாமல் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும். அதனால் மாட்டிக் காட்டத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இரண்டு மாடி ஏறி வேறொரு கடையில் 1650 கிடைத்தது, 6,500 ரூபாய், ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி. அங்கேயே பெஞ்சில் மாட்டி, ஜிபியு-இசட் பார்த்து, கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கும் ஃபர்மார்க் டெஸ்டைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். விஜிஏவுக்கு 300 ரூபாயில் ஒரு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர். பையனுக்கு மானிட்டரையும் மாற்ற ஆசை. வேண்டாம் என்றேன். அது 1600×900, அதாவது ஃபுல் எச்டியைவிட முப்பது சதவீதம் குறைவான புள்ளிகள், சின்ன கார்டுக்கு அதுவே பெரிய உபகாரம். அழகு குறைவுதான், ஆனால் கேம் ஓடும்.

வீட்டுக்கு வந்து கார்டை மாட்டியதும் கேம் ஓடியது, ஆனால் நான் பயந்த மாதிரியே ஓடியது. ஜிடிஏ 5-ல் கார் ஓட்டினால் நன்றாகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று அரை நொடி உறையும், பிறகு ஓடும், மறுபடி உறையும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் நூறு சதவீதம், கார்டு பாதி வேலைகூடச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. ஐ5-4570-ல் நாலு கோர், நாலே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நாலு வேலைதான் ஓடும். கேமும் விண்டோஸும் பின்னால் ஓடும் டிஸ்கார்டும் அதே நாலுக்கு அடித்துக்கொள்கின்றன. இதற்கு மருந்து அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4770. நாலு கோர், எட்டு த்ரெட், அதே 84 வாட், எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய பாரம் ஏறாது. செகண்ட் ஹேண்டில் 3,200-க்கு வாங்கினேன். ராமும் ஒற்றைக் குச்சியாக இருந்ததால் ஒரே சேனலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 குச்சி 900 ரூபாய், சரியான ஸ்லாட்டில் போட்டால் மெமரி வழி இரண்டாகிவிடும். புது டிடிஆர்5 விலை ஏறிய ஏற்றத்தைப் பார்க்கும்போது யாரும் சீண்டாத டிடிஆர்3-ஐ நினைத்து கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஒரு விஷயத்தில் கோட்டை விட்டேன். பிராசசரை மாற்றிவிட்டு, மிச்சமிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டையே விரலால் தடவி கூலரைப் பூட்டிவிட்டேன், அவசரம். பத்து நிமிஷ கேமில் 97 டிகிரி, ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது, வேகம் தானாகக் குறைகிறது. பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நாள் 250 ரூபாய்க்கு நல்ல பேஸ்ட் வாங்கி, கூலர் இடுக்கில் பஞ்சு மாதிரி அடைத்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, எல்லாம் துடைத்து மறுபடி பூட்டினேன், 78-க்கு இறங்கியது. தூசியை மட்டும் எடுத்திருந்தாலே பாதி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எஸ்எஸ்டியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,200 ரூபாய், இந்தப் போர்டில் வேகமான புது எஸ்எஸ்டி உட்காரும் எம்.2 ஸ்லாட் கிடையாது, அதனால் யோசிக்கவே வேண்டாம். விண்டோஸ் வர இரண்டு நிமிஷம் பிடித்த பெட்டி இப்போது இருபது நொடியில் வருகிறது. அக்காவுக்கு இந்த மொத்த வேலையிலும் பிடித்தது இது ஒன்றுதான்.

இப்போது ஜிடிஏ 5 ஹை செட்டிங்கில் நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் குறையாமல் போகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, எஃப்எஸ்ஆர் (சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வித்தை) போட்டு, பாதி செட்டிங்கைக் குறைத்து நாற்பதைச் சுற்றி ஓடுகிறது. 150 ஜிபி இடம் கேட்கிற கேம் அது, எஸ்எஸ்டியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வேலரன்ட் பிரச்சினையே இல்லை.

ஓடாததையும் முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள். ரே டிரேசிங், அதாவது வெளிச்சம் போகும் வழியைக் கணக்குப் போட்டு வரைகிற வசதி கார்டில் இருந்தால்தான் திறப்பேன் என்கிற கேம்கள் வந்துவிட்டன, டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி, அவற்றை 1650 தொடவே முடியாது. பேட்டில்ஃபீல்டு 6 டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பைக் கேட்கும், இந்த டவரில் இருப்பது 1.2. அதே காரணத்தாலும் பிராசசரின் வயதாலும் விண்டோஸ் 11-ம் முறைப்படி வராது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் செட்டிங்கை பேக்கப் செய்து பதிந்துகொண்டால் அதற்குப் பிறகு ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் உண்டு, அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் 14,350. கையில் 650 மிச்சம். எல்லாம் முடிந்தது என்று நான் கிளம்பிய அன்று சாயங்காலம் போன் வந்தது. கேம் நடுவில் கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் ஒரே ஒரு பீப் கொடுத்துவிட்டு அணைந்துவிட்டது. பழைய பெட்டி தின்ற வாட்டுக்குத் தாக்குப்பிடித்த பேட்டரி புதுப் பெட்டிக்குப் பத்து நொடிகூட நிற்கவில்லை. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி மாற்ற ஆயிரம் ஆகும், மிச்சம் 350 நீ போடு என்றேன். "பொங்கல் காசு வரட்டும் மாமா" என்கிறான்.