பானுமதியும் ஒரு பச்சைத் தூணும்

நம் பள்ளியின் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பள்ளி நாள்களைப் பற்றி நான்கு பக்கம். விடுதிப் பொங்கல், மாங்காய்த் திருட்டு, கணக்கு டீச்சரின் பிரம்பு முதலிய வழக்கமான சரக்கையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் நான் ஒரு சினிமா நடிகையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பானுமதி நம் பள்ளியில் படித்தவர் அல்லர். ஆனாலும் 1973-ஆம் ஆண்டு விழாவில் நடந்த கூத்தைச் சொல்வதென்றால் அவரைச் சொல்லாமல் தீராது. அந்தக் கூத்தில் மானம் போனவள் நான்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய ஸ்டுடியோ அது. 1937-இல் ‘சதி அகல்யா’. மறு வருடமே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’. சென்னைக்காரர்கள் சேலத்துக்கு ரயிலேறி வந்து நடித்துவிட்டுப் போன காலம். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 1968-இல் சுந்தரம் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் நடத்திக்கொண்டிருந்தார். வளைவுக்குள் கார்கள் போவது குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் மட்டும் ஏதாவது ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஜெய்சங்கர் தெரிவார் என்ற நம்பிக்கையில் பஸ் ஜன்னல் பக்கத்துக்குச் சண்டை போடுவோம்.

என் தோழியின் அப்பா அந்த ஸ்டுடியோவில் பெயிண்டராக இருந்தவர். செட்டுக்கு வண்ணம் அடிப்பவர். (தோழி தன் பெயரை எழுதக்கூடாது என்று போனிலேயே கட்டளை போட்டுவிட்டாள். அவளோடு படித்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.) நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் விரல் நகங்களின் ஓரத்தில் ஏதாவது ஒரு நிறம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த நாள்களில் நிறத்தைப் பற்றிக் கவலையே இல்லை, வெளுப்பா கறுப்பா என்று பார்த்தால் போதும், கையில் கிடைத்த டப்பாவைத் திறந்து அடிப்போம் என்பார். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தபோதுதான் பிழைப்பு மாறியது. 1956 பொங்கலுக்கு வெளிவந்த அந்தப் படம் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்தது. மூங்கில் தப்பையைக் கட்டி, கோணிச்சாக்கை இழுத்து ஒட்டி, மேலே பாரிஸ் சாந்து பூசிக் காயவைத்த தூண்களுக்கு ஒரு வாரம் வண்ணம் அடித்தாராம். “பச்சை, கண்ணு. கிளிப்பச்சை இல்லை, பாசிப்பச்சை. அந்தம்மா உடுத்தியிருந்த துணி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மூன்று முறை கலக்க வைத்தார்கள்.”

அந்தம்மா என்றால் பானுமதி.

அவரைக் கிட்டத்தில் பார்த்தீர்களா மாமா என்று நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்தோம். பார்க்கவில்லை. விளக்கு எரியத் தொடங்கியதும் பெயிண்டர்களையும் ஆசாரிகளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவருக்குக் கிடைத்ததெல்லாம் தகரக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட பாட்டு. அதுவும் பானுமதி நின்று பாடியது இல்லை. முன்பே பதிவு செய்ததை இயந்திரத்தில் ஓடவிட்டது. ஒரே அடியைப் பத்து முறை, இருபது முறை ஓடவிடுவார்கள். ‘அழகான பொண்ணு நான்’ என்ற வரியை மாமா சாகும்வரை வெறுத்தார்.

1972 கோடை விடுமுறையில் ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகையில் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். மாமா குடும்பத்தோடு நானும் போனேன். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தோம். எம்.ஜி.ஆருக்கு விசிலடிக்கக் கூட்டம் காத்திருந்தது. வில்லன் வீரப்பா சிரித்தால் கூடவே சிரிக்க ஒரு கும்பல் வந்திருந்தது. எங்கள் வரிசை மட்டும் தூணைப் பார்ப்பதற்காக வந்திருந்தது. பானுமதியின் மார்ஜியானா ஆடுகிறாள், பாடுகிறாள், கண்ணாலேயே கேலி செய்கிறாள், மாமா எழுந்து நின்று, “இடது பக்கம், அவர் தோளுக்குப் பின்னால்!” என்று கத்துகிறார். பின்னாலிருந்தவர்கள் உட்கார்யா என்றார்கள். தேய்ந்த பிரதி அது. பச்சை, நீலம் எல்லாம் வெளுத்துப்போய், வானம் முதல் தூண் வரை செங்கல் நிறத்தில் இருந்தது. மாமாவுக்கு முகமே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை, “நீங்கள் காவிதான் அடித்திருப்பீர்கள், மறந்து போயிருக்கும்” என்று சீண்டிக்கொண்டே வந்தார்.

நான் தூணைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகவாயைத்தான் பார்த்தேன். பேசி முடித்ததும் அதைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்துவார். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது போல. கதாநாயகி என்றால் தலையைக் கவிழ்க்க வேண்டும் என்று நினைத்திருந்த பெண்ணுக்கு அது பெரிய செய்தி.

இனி ஆண்டு விழா. மீரா நாட்டிய நாடகம். உயரம், நீளமான பின்னல், சிவந்த நிறம் ஆகிய மூன்று தகுதிகளால் நான் மீரா. எனக்குப் பாட்டு வராது. பாட்டு என் தோழிக்குத்தான் வரும். அவள் கறுப்பு, முன்பல் இரண்டும் எடுப்பு. எனவே அவள் படுதாவுக்குப் பின்னால் மைக்கோடு நிற்பது, நான் முன்னால் தம்புராவோடு வாயசைப்பது என்று மேடைப் பொறுப்பில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சினிமாவில் எல்லோரும் அப்படித்தானே?

மூன்றாவது பாட்டில் மின்சாரம் நின்றது. அரங்கமே மை இருட்டு. மைக்கும் செத்துவிட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. படுதாவுக்குப் பின்னாலிருந்து அவள் வெறும் தொண்டையில் பாடிக்கொண்டே போனாள். ஒலிபெருக்கி வழியாக எங்கும் நிறைந்திருந்த குரல் இப்போது ஒரே ஒரு இடத்திலிருந்து வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் ஓடி வந்தபோது, கூட்டம் முழுவதும் கழுத்தைத் திருப்பிப் படுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடை நடுவில் நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை. பாட்டு டீச்சரைத் தவிர.

மறுநாள் வகுப்பில் அவர் முதலில் கேட்டது: “இருட்டில் யாருக்கடி வாயசைத்தாய்?”

உண்மைதான். விளக்கு வந்தபோதும் என் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகு டீச்சர் சுருதிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அன்று பாடமே நடத்தாமல் பானுமதியைப் பற்றிப் பேசினார். ஓங்கோல் பக்கத்துக் கிராமத்தில் 1925-இல் பிறந்தவர். அப்பாவிடமே சங்கீதம் கற்றவர். 1939-இல் வரதட்சிணைக் கொடுமையைச் சொன்ன ‘வர விக்ரயம்’ என்ற தெலுங்குப் படத்தில் நடிக்க வந்தபோது இன்றைய உங்கள் வயதுதான் என்றார். அந்த நாளில் நடிப்பவர்களே பாட வேண்டும், தொண்டை இல்லாதவர்களுக்குச் சினிமாவில் இடமில்லை. பின்னணிப் பாட்டு வந்ததும் கதை தலைகீழாயிற்று. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பானுமதி மட்டும் தன் தொண்டையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஸ்டுடியோவில் அவரும் வாயைத்தான் அசைக்கிறார். ஆனால் ஓடுவது அவர் குரல்.”

இதற்குள் மணி அடித்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். என் தோழி எழுந்து நின்றாள். “அவர் அழகாகவும் இருக்கிறார், டீச்சர். அழகில்லாதவர்கள் எங்கே நின்று பாடுவது?”

டீச்சர் பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டில் கடவுள் வாழ்த்துப் பாட அவளை மேடையில் ஏற்றினார். பள்ளி முடியும் வரை அந்த இடம் அவளுடையதாகவே இருந்தது. கேள்விக்குப் பதில் ஆயிற்றா என்று கேட்டால், அவளைத்தான் கேட்க வேண்டும்.

பானுமதியைப் பற்றி மிச்சமெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டதுதான். 1943-இல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் காதலித்து மணந்தார். மகன் பரணியின் பெயரில் படக் கம்பெனியும் ஸ்டுடியோவும் தொடங்கினார்கள். 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் அவரே இயக்கினார். பெண்கள் காமிராவுக்கு முன்னால் மட்டும் நின்ற காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, நான் இங்கே மெல்போர்னில் பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தை நடத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1956 ஒரே ஆண்டில் ‘அலிபாபா’, ‘மதுரை வீரன்’, ‘ரங்கோன் ராதா’. மூன்றாவது அண்ணாவின் நாவலுக்குக் கலைஞர் வசனம் எழுதியது. கணவனாலேயே பைத்தியக்காரி ஆக்கப்பட்ட பெண்ணாக அதில் அவர் நடித்ததைப் பார்த்த பிறகு, மார்ஜியானா எனக்குக் கொஞ்சம் பொம்மையாகவே தெரிந்தாள். ‘நடிப்புக்கு இலக்கணம் வகுத்தவர்’ என்று அண்ணா அவரைச் சொன்னது வெறும் மேடைப் புகழ்ச்சி அன்று. 1962-இல் வந்த ‘அன்னை’யில், வளர்த்த பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று நடுங்கும் தாயாக வந்தார். அப்போது வயது நாற்பதைத் தொடவில்லை.

திமிர் பிடித்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ‘மிஸ்ஸியம்மா’வுக்கு முதலில் ஒப்பந்தமானவர் அவர்தான், கொஞ்சம் படமாக்கிய பிறகு தயாரிப்பாளரோடு மனத்தாங்கல் வந்து விலகினார். சாவித்திரி அந்த வேடத்தில் நட்சத்திரம் ஆனார். ‘நாடோடி மன்ன’னில் அவர் பாத்திரம் நடுவழியில் செத்துப்போகிறது. எங்கள் தெருவில் அதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாக் காரணமும் அவருடைய வாய் என்பதிலேயே வந்து முடியும். தலைகுனியாத ஆணுக்குத் தன்மானம் என்று பெயர் வைக்கிற ஊர் நம் ஊர்.

எனக்குத் திருமணமாகி 1979-இல் இங்கே வந்தோம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஒருவர் பானுமதி எழுதிய ‘அத்தகாரி கதலு’வை ஞாயிறு மாலைகளில் வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்வார். மாமியாரைப் பற்றிய நகைச்சுவைக் கதைகள். மாமியார் தொட்டதெல்லாம் வம்பாகும். ஆனாலும் கடைசியில் நமக்கு மாமியார் மேல்தான் பிரியம் வரும். திரையில் அத்தனை மிடுக்கோடு நின்றவர், எழுத்தில் தன்னையே கேலி செய்துகொள்கிற மருமகளாக உட்கார்ந்திருந்தார். அவர் தன் வரலாற்றை எழுதிய ‘நாலோ நேனு’வுக்குச் சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது கிடைத்தது. 1980-களில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் பொறுப்பிலும் இருந்தார் என்பது என் பாட்டு டீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். ‘செம்பருத்தி’யில் பாட்டியாக வந்தபோது இங்கே வீடியோ காசெட் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். அதே முகவாய்.

2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் அவர் காலமானார். எனக்குச் செய்தி சொன்னது சேலத்திலிருந்து தோழியின் போன். இங்கே கொளுத்தும் வெயில். அவள் குரலில் மார்கழி ஜலதோஷம். “மாமாவுக்குச் சொன்னாயா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் வீடுகள் எழும்பி வெகு காலம் ஆகிவிட்டது. வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. தோழி வீட்டில் தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தாள். பேரன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். செல்போனில் ‘அலிபாபா’வைத் தேடி எடுத்து, தூக்கம் கலைந்துவிடும் என்று சத்தத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திருப்பினாள். உள்ளங்கை அகலத் திரையில் பானுமதி சத்தமில்லாமல் வாயசைத்தார். தோழி பேரன் முதுகைத் தட்டியபடி, அடிக்குரலில், அந்த வாய்க்குச் சரியாகப் பாடத் தொடங்கினாள். பல் போன இடத்தில் காற்று கொஞ்சம் கசிந்தது. சுருதி கசியவில்லை.

“இடது பக்கம் பார்” என்றாள், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில். “பச்சைதானே?”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது. அவள் விரலால் பின்னால் தள்ளி மறுபடியும் முதலிலிருந்து பாடினாள்.