மாமாவுக்கு இரண்டு பாட்டில்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் தோப்பிலும் தமிழ்தான். சித்தூர் தாலுகாவில் இறக்குகிற கள்தான் மற்ற மாவட்டங்களுக்கும் வண்டியேறுகிறது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு போன எனக்குக் கிடைத்த முதல் வேலை, பரோசா பக்கம் ஓர் ஒயின் ஆலையில் பாட்டில் அடைக்கிற லைன்.

போன புதிதில், தக்கை போட்டதுதான் ஒசத்தி என்று நினைப்பு. கூட வேலை பார்ப்பவரைச் சாப்பிடக் கூப்பிட்ட அன்று, தக்கை பாட்டிலாகவே பார்த்து வாங்கினேன். திறந்தால் நனைந்த கோணிச்சாக்கு வாடை. ஒயினே இப்படித்தான் போல என்று ஊற்றியும் கொடுத்துவிட்டேன். ஒரு வாய் வைத்தவர் கிளாஸை மெல்லத் தள்ளிவிட்டு, "தக்கை பண்ணின வேலை" என்றார். தக்கையில் டிசிஏ என்றொரு சேர்மம் இருந்து, லிட்டருக்குச் சில நானோகிராம் இறங்கினாலே மணம் கெட்டுவிடுமாம். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, காசுதான் போச்சு. இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் பக்கத்துக் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் செய்கிறவர்கள் பலர் 2000-ல் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள்.

அலுமினிய மூடி லைனுக்கு வரும்போது அதில் மரையே இருக்காது, வழவழவென்றிருக்கும். பாட்டில் தலையில் கவிழ்ந்ததும் சின்ன உருளைகள் சுற்றி அழுத்த, கழுத்திலுள்ள மரை அப்படியே மூடியில் பதியும். பார்க்கப் பார்க்க அலுக்காது. தக்கைக்கு வேறு வித்தை: 24 மில்லிமீட்டர் தடிமனை நெருக்கிச் சுருக்கி, பதினெட்டரை மில்லிமீட்டர் வாய்க்குள் தள்ளவேண்டும். உள்ளே போய் விரிந்து பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிடாமலிருக்கப் பாட்டிலைப் படுக்கப் போடுவார்கள். பிளாஸ்டிக் தக்கையும் உண்டு. எனக்கு ஆகாது, பிடுங்கினால் திரும்ப உள்ளே போகாது.

மூன்றாம் வருஷம் லீவில் வந்தேன். வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம் என்பதால் தக்கை ஒன்று, திருகு மூடி ஒன்று. மாமா நாற்பது வருஷம் தென்னை ஏறிய ஆள். திருகு மூடியைத் தொட்டுப் பார்த்து, "ஏண்டா மாப்ள, குவார்ட்டர் பாட்டலாட்டம் இருக்குது, இதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்றார். பிறகு, "கள்ளை இப்பிடி அடைச்சா வெடிச்சுப்போகும். இது எப்பிடி நிக்குது?"

"பொங்கி அடங்குனதுக்கப்புறம்தானுங்க மாமா அடைப்போம்."

"அப்ப செத்ததை அடைக்கறீங்க."

தக்கைக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. போர்ச்சுகலில் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை, முதல் உரிப்புக்கே மரத்துக்கு 25 வயது ஆகணும், அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருதடவை, பாட்டிலுக்கு ஆகிற பட்டை மூன்றாம் உரிப்பில்தான் என்றேன். "மரத்தைச் சாகடிக்காம எடுக்கறாங்க, செரி" என்றார்.

ஆனால் தக்கை பிடுங்குகிற திருகாணியை நான் எடுத்துவரவில்லை. ஊரில் யாரிடம் கேட்பது? கரண்டிக் காம்பால் குத்தியதில் தக்கை பாதி நொறுங்கி, மீதி உள்ளே விழுந்து மிதந்தது. மாமா எழுந்து தோப்புக்குப் போய் ஒரு பன்னாடையைக் கிழித்து வந்தார். டம்ளர் மேல் விரித்து, கள்ளை வடிக்கிற அதே கையால் ஒயினை வடித்தார்.


ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த குவார்ட்டரைத் திற" என்றார்.