தோத்தவங்க எழுதின போர்க்கதைகள் - ரஷ்ய வாசிப்பு டைரி

நவம்பர் 4
ஈகோர் படையெடுப்புக் காவியம் முடிச்சாச்சு. 1185ல ஈகோர்னு ஒரு குறுநில இளவரசன், கீவ்ல இருந்த பெரிய ராஜாகிட்ட கூட சொல்லாம, தம்பி மகன்னு சொந்தக்காரங்களை மட்டும் கூட்டிக்கிட்டு போலோவ்ட்சி நாடோடிங்க மேல படையெடுத்துப் போய் செமத்தியா அடிவாங்கி கைதியான கதை. ரஷ்யாவுக்கு கிறிஸ்தவம் வந்து அப்பவே 200 வருஷம் ஆகிருச்சு, ஆனா இதுல தாஜ்போக், ஸ்ட்ரிபோக், வேலெஸ்னு பழைய சாமிங்க பேருதான் வரிசையா வருது. ஈகோர் பொண்டாட்டி புதிவ்ல் கோட்டை மதில்ல நின்னு காத்து, நீப்பர் ஆறு, சூரியன்னு ஒவ்வொண்ணா கூப்பிட்டு அழறா, ஏசுவையோ மாதாவையோ கூப்பிடவே இல்ல. தப்பிச்சு வந்தப்புறம்தான் ஈகோர் கீவ்ல மாதா கோயிலுக்குப் போறான்.

நவம்பர் 6
அதே போர் இபாத்தி நாளாகமம்னு வருஷவாரியா நடந்ததை எழுதி வெச்ச பழைய ரஷ்ய வரலாற்று ஏட்டுலயும் இருக்கு, இது முழுக்க வேற ஆளு எழுதினது மாதிரி. மே 1 கிரகணத்தைப் பாத்து கூட இருந்தவங்க பயப்பட, ஆண்டவனோட ரகசியம் யாருக்குத் தெரியும், நல்லதோ கெட்டதோ போய்ப் பாப்போம்னு ஈகோர் கிளம்பிடறான். மாட்டினதும் அவன் புலம்புறதுதான் என்னை உலுக்கிருச்சு. எதிரியைத் திட்டல. முன்னாடி கிளேபோவ்னு ஒரு ஊரை இவனே சூறையாடியிருக்கான், அதுவும் கிறிஸ்தவங்க ஊரு, அங்க அப்பனையும் புள்ளையையும் பிரிச்சது, உயிரோட இருந்தவங்க செத்தவங்களைப் பாத்து பொறாமைப்பட்டதுன்னு எல்லாத்தையும் அவன் வாயாலயே சொல்லி, அதுக்குத்தான் எனக்கு இந்தக் கூலிங்கறான். பக்தின்னு சொல்லி எழுதின பக்கத்துலதான் ஒரு ராஜா பண்ணின அட்டூழியம் பதிவாகி இருக்கு, காவியத்துல இது கிடையாது! அப்புறம் கைதியா இருக்கும்போதே பூசை வைக்க ஊர்லருந்து ஒரு பாதிரியாரை வரவழைச்சுக்கறான், தப்பிக்கிற ராத்திரி சிலுவையும் ஐகானும் (கும்பிடுற சாமி படம்) எடுத்துக்கிட்டு கூடாரத் துணியைத் தூக்கி வெளிய ஊர்ந்து போறான்.

நவம்பர் 9
போரிஸ், கிளெப். 1015ல அண்ணன் ஸ்வியாதோபோல்க் ஆள் அனுப்பினப்போ எதுத்து வாளே எடுக்காம செத்த தம்பிங்க, அதனாலயே புனிதர் ஆனவங்க. அலெக்சாண்டர் நெவ்ஸ்கிங்கற ரஷ்ய இளவரசனோட சரிதத்துல பாத்தா, 1240ல நேவா ஆத்தங்கரையில ஸ்வீடன்காரங்களோட நடந்த சண்டைக்கு முன்னாடி விடியக்காலைல கரையில காவல் இருந்த பெல்குசி கண்ணுக்கு இவங்க ரெண்டு பேரும் படகுல நிக்கறாங்க, தம்பி, துடுப்பு போடச் சொல்லு, நம்ம சொந்தக்காரன் அலெக்சாண்டருக்கு உதவிக்குப் போகணும்கறான் போரிஸ். சண்டையே வேணாம்னு செத்தவங்களையே படைக்குத் துணையா கூப்பிட்டுட்டாங்க, எனக்கு இது ஜீரணமாகல.

நவம்பர் 12
குலிகோவோ, 1380, மங்கோலியத் தளபதி மாமாயை ரஷ்யர்கள் ஜெயிச்ச சண்டை. அந்த மாமாய் போர்க் கதையிலயும் அதே ரெண்டு பேரு, இந்தத் தடவை கையில வாள், பாத்தவன் காவலுக்குப் போட்ட ஃபோமாங்கற திருடன். துறவி செர்கி ஆசீர்வாதம், தலைக்கவசத்துக்குப் பதிலா துறவி உடுப்பு போட்டு சண்டைக்கு வந்த பெரெஸ்வெத்னு எல்லாம் பிரமாதமா இருக்கு, ஆனா ஜெயிச்ச கதைல எவனும் தன் தப்பைப் பேச மாட்டேங்கறான், கொஞ்சம் போரடிச்சுது.

நவம்பர் 13
தோல்விக்குத் திரும்பியாச்சு. 1237 டிசம்பர்ல மங்கோலியன் பாது கான் அழிச்ச ரியாசான்ங்கற ரஷ்ய ஊரோட கதையிலயும் எல்லாம் நம்ம பாவத்தாலன்னுதான் வருது. ஆனா எந்தப் பாவம்னு தெளிவா சொல்றவர் விளாதிமிர் பிஷப் செராபியோன்தான், 1275ல செத்தவர். மங்கோலியங்க ஊரை எரிச்சுட்டுப் போனப்புறம் சொந்த ஜனங்களைப் பாத்து, அந்த அஞ்ஞானிங்க கூட தன் இனத்தானைக் கொல்றதில்ல, கொள்ளையடிக்கிறதில்ல, நீங்க பண்றீங்களேன்னு பிரசங்க மேடையில நின்னு கேக்கறாரு.