'செட் அசைட்' ஆன பிறகு

"அப்போ கேஸ் முடிஞ்சுதா சார்?"

"எக்ஸ்பார்ட்டி டிக்ரி ரத்தாயிடுச்சும்மா." கோர்ட் வராந்தாவில் கேட்ட ஓர் அம்மாவுக்கு அன்று நான் சொன்ன பதில் இவ்வளவுதான். எக்ஸ்பார்ட்டி டிக்ரி என்பது, பிரதிவாதி வராததால் ஒருதலையாகக் கொடுக்கும் தீர்ப்பாணை.

பதிலில் தவறில்லை. உத்தரவில் வரும் 'செட் அசைட்' என்பதற்கு 'ரத்து' சரியான சொல்தான். அகராதியைப் பார்த்து 'ஒதுக்கி வைக்கப்பட்டது' என்று எழுதினால், பிறகு எடுத்துப் பார்ப்பார்கள் என்று பொருள் வந்துவிடும். 'தள்ளி வைத்தது' என்றால் வாய்தா. 'தள்ளுபடி' என்றால் மனுவே தோற்றது. ஆனாலும் 'ரத்து' என்று கேட்ட காதுக்கு வழக்கே ஒழிந்ததாகத்தானே படும்?

ஒழிந்தது தீர்ப்பாணை மட்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 13-இன்படி ரத்து கோரும் மனு அனுமதிக்கப்பட்டால் அசல் வழக்கு மறுபடி கோப்புக்கு வரும். எதிருரை, அதாவது வழக்குக்கு எழுத்தில் பதில், போட வேண்டும், வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வாய்தாவுக்கு வராமல் விட்டால் மறுபடி எக்ஸ்பார்ட்டி. இரண்டாம் தடவை சொல்லும் காரணம் எளிதில் எடுபடாது.

அதற்கும் முன்னால் ஒரு கண்ணி உண்டு. உத்தரவு பெரும்பாலும் செலவுத் தொகையோடுதான் வரும். குறித்த தேதிக்குள் எதிர்த்தரப்புக்குக் கட்டினால் மனு அனுமதி, கட்டாவிட்டால் தள்ளுபடி. பழைய தீர்ப்பாணை அப்படியே உயிரோடு நிற்கும். அந்த அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். தவறினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

மேல்முறையீட்டில் இதே சொல் வேறு விதமாக வேலை செய்யும். கீழ்க்கோர்ட் தீர்ப்பை செட் அசைட் செய்து வழக்கையும் தள்ளுபடி செய்தால், அந்தக் கட்டத்தில் பிரதிவாதி ஜெயித்தவர். செட் அசைட் செய்து ரிமாண்ட் (திருப்பி அனுப்புதல்) என்றால் கீழ்க்கோர்ட்டில் மீண்டும் விசாரணை. எந்தத் தீர்ப்பு போனது என்பதோடு இந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. மிச்சம் என்ன என்பதை உத்தரவின் அடுத்த வரியில்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்கும் மனு போட 30 நாள் கெடு. அழைப்பாணை முறையாகச் சார்வாகாதவருக்கு (கொண்டு சேர்க்கப்படாதவருக்கு)த் தீர்ப்பாணை பற்றித் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. கெடு கடந்தால் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இல் தாமத மன்னிப்பு மனுவும் சேர வேண்டும். மனு போட்டதாலேயே, டிக்ரியை அமல்படுத்தக் கேட்டு வாதி போடும் நிறைவேற்று மனு நிற்காது. தடையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கோர்ட் வராந்தாவில் நின்று கேட்பவரிடம் இத்தனையும் விரித்துச் சொல்ல முடியாது, உண்மைதான். 'டிக்ரி போச்சு, கேஸ் இருக்கு' என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் 'போச்சு' என்று கேட்டதும், தோற்றுவிட்டோம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.